பதினோராவது நிமிஷம்

ஏன் ஒட்டாது? கண்ணாடியில வாசம் ஒட்டாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? அப்படி நான் கேட்டிருக்கணும். தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். தேவசகாயம் சாரு முன்னாடி என் பேச்சு எப்பவும் பாதிதான் வெளிய வரும், மிச்சம் உள்ளயே கிடந்து உருளும். "அசிட்டோன்ல அலசி, நூத்திப்பத்து டிகிரி அடுப்புல காய வச்ச குப்பி சீனியம்மா. அதுல வாசமாவது ஒண்ணாவது. இங்க மோந்து பாக்குற வேலை மிஷினுக்கு. உங்க மூக்கு மூக்குத்தி போடுறதுக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சுப்புட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்லக்கூடாது. பத்து வருஷமா இந்த மிஷினைக் கைப்பிள்ளை மாதிரி வச்சிருக்காரு. இதுக்குக் காய்ச்சல் வந்தா அவருக்குச் சோறு இறங்காது. ஆனா ஒண்ணு, காய வச்ச குப்பி அடுப்பை விட்டு இறங்கி நேரா மிஷினுக்கா நடந்து போகுது? நடுவுல ஒரு இடத்துல போய் உக்காருதுல்ல. ராத்திரி பூரா, சில சமயம் வாரம் பூரா உக்காருதுல்ல. அந்த இடத்தைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல. "ஒரு வாசம் மாதிரி இருக்கு சார்"னு மட்டும் சொன்னேன். என்ன வாசம்னு ஒரு வார்த்தை அவரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? இப்ப நான் முக்காலியில உக்காந்திருக்கேன், மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு தண்ணியை ஓட்டி முடிக்க நாப்பது நிமிஷம். கரண்டு போகலாம், மிஷினுக்குப் போற சிலிண்டருல வாயு தீரலாம், அதனால ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்னு விதி. டிவி மாதிரி பொட்டியில ஒரு கோடு ஊர்ந்துக்கிட்டே போகுது, மூலையில நிமிஷம் காட்டுது. ரெண்டு நிமிஷம் ஆச்சு. பதினோராவது நிமிஷத்துலதான் அது வரும்னு இங்க ஆராய்ச்சி பண்ற பிள்ளை ஜெசிந்தா சொல்லியிருக்கா. வந்தா கோடு குன்று மாதிரி எந்திரிக்கும். வராம இருக்கட்டும். மாரியாத்தா, வராம இருக்கட்டும்.

இது பொது லேபு. யுனிவர்சிட்டியில எந்தத் துறைக்காரங்களா இருந்தாலும், வெளிக் காலேஜுக்காரங்களா இருந்தாலும், எழுதிப் போட்டு முறை வாங்கிட்டு வந்து இங்க சோதிச்சுக்கிடலாம். இந்த மாதிரி மிஷினை ஆளுக்கொண்ணு வாங்க முடியுமா, ஊருக்கு ஒரு திருகை மாதிரிதான். பஸ்ஸுல பார்சல் வரும். ஹார்லிக்ஸ் பாட்டில்ல மண்ணு வரும், ஊறுகா பாட்டில்ல சாக்கடைத் தண்ணி வரும். ஒரு தடவை திண்டுக்கல்லுல இருந்து ஒரு வாத்தியாரு மிக்சர் டப்பாவுல ஏதோ மஞ்சப்பொடி அனுப்பிட்டாரு, காவக்காரரு அது மிக்சருன்னு நெனச்சு மூடியைத் திறந்து, நல்ல காலம், மோந்ததோட விட்டாரு. அதையெல்லாம் வாங்கி, சீட்டு ஒட்டி, வரிசையா வைக்கிறது நான். திரும்பி வர்ற கண்ணாடிச் சாமானைக் கழுவுறது நான். சுண்டுவிரல்ல பாதி உசரம் இருக்கும் ஒவ்வொரு குப்பியும், அதுக்குள்ள விரலு போகாது, அலசி அலசித்தான் எடுக்கணும். பதினேழு வருஷமா கழுவுறேன். பேத்தி கேப்பா, நீ அங்க என்னதான் பண்றன்னு. விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் உள்ள அழுக்கைப் பூராம் கழுவுறேன்டின்னு சொல்வேன். ஜெசிந்தா மூணு வருஷமா வர்றா. இந்தப் பிள்ளை மட்டுந்தான் தான் அழுக்காக்கின குப்பியைத் தானே ஒரு தண்ணி அலசிக் கொண்டாந்து வைக்கும். மத்ததுங்க சிங்க்குல போட்டுட்டு ஓடும். தார் கலக்குற பிளாண்டு ஒண்ணு இருக்காம், அதைச் சுத்தி ஏழு கிணறு. அந்தத் தண்ணியிலதான் இவ ஆராய்ச்சி. ஆடி மாசத்துல இருந்து ஏழு கிணத்துத் தண்ணியிலயும் ஒரே சங்கதி வருதுன்னு அவ வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷம்னா, கிணறு கெட்டதுக்கு இல்ல, கண்டுபிடிச்சதுக்கு. அந்த ஊர்ல நாலு கிணத்து மேல முள்ளு வெட்டிப் போட்டுட்டாங்களாம். பொம்பளைங்க ரெண்டு மைலு நடந்து தண்ணி எடுக்குறாங்களாம். வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனு கொடுக்கப் போறாங்க, இவ எழுதின தாளைக் கையில வச்சுக்கிட்டு. ஏழு கிணத்துலயும் கூடக்குறைய ஒரே அளவுதான் இருக்குன்னு ஜெசிந்தா சொன்னா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. எங்க தெருவுல நாலு கொழா, நாலுலயும் தண்ணி நாலு ருசி. ஏழு கிணறு எப்படி ஒண்ணு போல இருக்கும்? கேட்டேன். பூமிக்கு அடியில எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஓட்டம் இருக்கும்னு வாத்தியாரு சொன்னாராம். சரி, படிச்சவரு.

ஆனா அது என்ன சங்கதின்னு நான் இத்தனை நாளும் கேக்கல, அதுதான் கூத்து. இங்க வர்றதுக எல்லாம் வாயில நுழையாத பேராச் சொல்லும், நானும் தலையாட்டுவேன். இன்னைக்குக் காலையிலதான், என்னமோ வாய் சும்மா இருக்காம, அப்படி என்ன தாயி அந்தத் தண்ணியில இருக்குன்னு கேட்டுப்புட்டேன். அவ குப்பியில மூடி போட்டுக்கிட்டே சொன்னா, "நாப்தலீன்னு சொல்வாங்க சீனிம்மா. தாருல இருக்கும், கரிப்புகையில இருக்கும். ஏன், உங்க வீட்லயே இருக்குமே, பெட்டியில சேலைக்கு நடுவுல போடுவீங்கல்ல பாச்சா உருண்டை, அதுவே இதுதான்." சொல்லிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்ச வாய் சிரிச்சபடியே நின்னுபோச்சு. அஞ்சு நிமிஷம். கோடு இன்னும் தரையோட தரையாத்தான் போகுது. இந்த ரூமுல ஏசி வேற, செருப்பு வெளிய விட்டுட்டு வரணும், காலு விறைக்குது. பாச்சா உருண்டை. எட்டு உருண்டை. என் பழைய பச்சை ரவிக்கைத் துணியைக் கிழிச்சு, அதுல வச்சு முடிச்சுப் போட்டு, குப்பி வைக்கிற டிராயருக்குப் பின்னாடி ஆணியில கட்டித் தொங்கவிட்டிருக்கேன். யாரு கண்ணுலயும் படாது. டிராயரை முழுசா உருவினாத்தான் தெரியும்.

ஆசைப்பட்டா கட்டினேன்? ஆடி பொறந்து ரெண்டாம் நாளு, திருச்சிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்துச்சு, பெரிய பேராசிரியை, வைரத்தோடு, அது டிராயரைத் திறந்ததும் ஒரு கரப்பான் ஓடி அது கை மேலயே ஏறிருச்சு. அந்த அம்மா போட்ட சத்தத்துல மேல மாடியில இருந்து டைரக்டரம்மா இறங்கி வந்துட்டாங்க. சீட்டுல தடவுற பசைக்குத்தான் கரப்பான் வரும், அரிச்சுத் தின்னும், எந்தக் குப்பி யாருதுன்னு தெரியாமப் போகும். அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி, இது லேபா சமையக்கட்டான்னு டைரக்டரம்மா கேட்டாங்க. என்னைப் பாத்துக் கேக்கல, சுவரைப் பாத்துத்தான் கேட்டாங்க, அதுதான் கூடச் சுட்டுச்சு. சாயங்காலமே போய் உருண்டை வாங்கிட்டேன். யாருகிட்டயும் கேக்கல, சொல்லல. நல்லதுதானே செய்யுறோம்னு ஒரு நெனப்பு. மறுவாரத்துல இருந்து ஒரு கரப்பான் கிடையாது. தேவசகாயம் சாருகூட, "என்ன சீனியம்மா, கரப்பானுக்கெல்லாம் மெமோ கொடுத்துட்டீங்களா"ன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பெருமை. அந்தப் பெருமைதான் இப்ப ஏழு கிணத்து மேல முள்ளாக் கிடக்குதோ என்னமோ. மத்தவங்களுக்கு ஏன் இது தெரியலன்னா, ஒருத்தரு இரும்பு தேடுவாரு, ஒருத்தரு மருந்து தேடுவாரு, இதை யாரும் தேடல. தேடினவ இவ ஒருத்திதான். தேடினவ கையில கிடைச்சிருச்சு.

எனக்கு இது முதத் தடவையும் இல்லையே. என் மக சித்ராதேவியைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நடந்தது மறக்குமா? அப்பளத்தை வாங்கி எலி கடிச்சிரும்னு டிரங்குப் பொட்டிக்குள்ள சேலை மேல வச்சிருந்தேன். வச்சது ஒரே வாரம். காகிதம் சுத்தித்தான் வச்சேன். கொதிக்கிற எண்ணெயில போட்டுப் பொரிச்சேன், குடை மாதிரி விரிஞ்சு வந்துச்சு, பாக்க அவ்வளவு லட்சணம். சம்பந்தியம்மா ஒரு கடி கடிச்சாங்க. மெல்லாம வச்சிருந்தாங்க. அப்புறம் மெதுவா, "அப்பளம் புதுசா ஏதோ மணமா இருக்கு"ன்னாங்க. நான் ஒரு துண்டு வாயில போட்டேன், பொட்டிக்குள்ளயே தலையை விட்ட மாதிரி. என் வீட்டுக்காரரு ஒருத்தருதான் மூணு அப்பளம் தின்னாரு, வந்தவங்க முன்னாடி என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு. ராத்திரி பூரா ஏப்பம் விட்டாரு பாவம். போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் அவங்க வீட்ல எனக்குப் பேரு பாச்சா உருண்டைச் சம்பந்திதான். எண்ணெயில கொதிச்சும் போகாத வாசம். காகிதத்தைத் தாண்டின வாசம். வாயைத் திறந்து வச்சிருக்கிற குப்பிக்குள்ளயும், அந்த ரப்பரு மூடிக்குள்ளயும் போகாதா? இதைத்தான் சார் நான் சொல்ல வந்தேன். நீங்க மூக்குத்தின்னுட்டீங்க.

எட்டு நிமிஷம். ஒரு வேளை நான் வீணாப் பயப்படுறேனோ. "பிளாங்க்"னு ஒண்ணு ஓட்டுவாங்கல்ல, தண்ணி கலக்காம வெறும் கரைசலை மட்டும் ஓட்டிப் பாக்குறது. மிஷினும் கரைசலும் சுத்தமா இருக்கான்னு தெரிஞ்சுக்கிட. அது எப்பவும் சுத்தமாத்தான் இருந்திருக்கு, பதினோராவது நிமிஷத்துல ஒரு துளி எந்திரிச்சதில்ல. அப்ப குப்பியில ஒண்ணும் இல்லதானே. அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில நின்னுச்சு. பிளாங்க்குக்குக் குப்பி தேவசகாயம் சாரு எங்க இருந்து எடுப்பாரு? பீரோவுல இருந்து. பூட்டி வச்ச புதுக் குப்பி, அட்டைப்பொட்டியைப் பிரிச்சு எடுப்பாரு. பிளாங்க்குன்னா புதுக் குப்பி, சாம்பிளுன்னா கழுவின குப்பி, அதுதான் இங்க வழக்கம், சாவியே அவரு இடுப்புலதான் கிடக்கும். என் டிராயருக்கும் பிளாங்க்குக்கும் சம்பந்தமே கிடையாது. இதை அவரு யோசிக்கல, வாத்தியாரு யோசிக்கல, ஜெசிந்தா யோசிக்கல. அவங்களுக்குக் குப்பின்னா குப்பிதான். எந்தக் குப்பி எங்க படுத்திருந்துச்சுன்னு கழுவுறவளுக்குத்தான் தெரியும்.

பேசாம மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அந்த முடிச்சை அவுத்து, முந்தானையில வச்சு, வெளிய பஸ் ஸ்டாப்புக் குப்பையில போட்டுட்டா என்ன? யாருக்குத் தெரியும்? குப்பி அம்புட்டையும் திரும்பக் கழுவிக் காய வச்சு வேற டிராயருக்கு மாத்திட்டா அடுத்த மாசத்துல இருந்து தண்ணி சுத்தமா வரும். பிளாண்டுக்காரன் பயந்து திருந்திட்டான்னு நெனச்சுக்கிடுவாங்க. எல்லாருக்கும் நல்லது. ஆனா இதுவரைக்கும் எழுதினது எழுதினதுதானே. திங்கக்கிழமை அந்தத் தாளு கலெக்டரு மேசைக்குப் போயிரும். பிளாண்டுக்காரன் வேற ஒரு லேபுல கொண்டு போய்ப் பாத்துத் தண்ணியில ஒண்ணும் இல்லைன்னு நிரூபிச்சா, கல்லு யாரு மேல விழும்? கழுவுனவ மேலயா விழும்? மூணு வருஷம் ராப்பகலாப் படிச்ச பிள்ளை, பொய் எழுதினவன்னு பேரு எடுக்கும். இல்ல, நெசமாவே அந்தப் பிளாண்டுத் தாரு கிணத்துத் தண்ணியில இறங்கியிருந்தாலும், இனிமே யாரு நம்புவா? முள்ளு வெட்டிப் போட்ட கிணறு சுத்தமா இருந்து, ரெண்டு மைலு நடக்குறவ சும்மா நடந்தா அது யாரு பாவம்? சொல்லிரலாம். சொன்னா பாண்டியம்மா கதைதான். எனக்கு முன்னாடியே இங்க சேந்து, என்கூடக் கழுவினவ பாண்டியம்மா. தங்கமான கை, குப்பி அப்படி மின்னும். ஒரு நாளு கோடையில மோர் புளிச்சிரக் கூடாதுன்னு சாம்பிளு வைக்கிற ஃபிரிட்ஜுக்குள்ள தூக்குவாளியை வச்சா. அவ்வளவுதான். விஷத்துப் பக்கத்துல மோரு வச்சதுக்கு அவ உசுருக்குத்தான் ஆபத்து, ஆனாலும் லேபோட பேரு கெட்டுப்போச்சுன்னு அனுப்பிட்டாங்க. போகும்போது அந்தத் தூக்குவாளியை என்கிட்ட கொடுத்து, நீ வச்சுக்கக்கா, எனக்கு இதைப் பாத்தாலே எரியுதுன்னா. இன்னைக்கும் அதுலதான் நான் சோறு கொண்டாறேன். எனக்கு அறுபத்தொண்ணு. வருஷா வருஷம் டைரக்டரம்மா கையெழுத்துப் போட்டாத்தான் வேலை, இந்த வாரம் என் காகிதம் அவங்க மேசையில இருக்கு. கையெழுத்துப் போடுற வாரமாப் பாத்து நான் போய், அம்மா, உங்க லேபுல நாலு மாசமாப் பாச்சா உருண்டையைச் சோதிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்னு சொல்லணும். வேலை போனாக் கஞ்சி இல்லாமப் போகாது, மக பாத்துக்கிடுவா. ஆனா காலையில எட்டரைக்குக் கிளம்பி எங்க போவேன்? யாரு என்னைச் சீனிம்மான்னு கூப்பிடுவா? சொல்லிரலாம். இல்ல, இந்தத் தண்ணி ஓடி முடியட்டும். இது பிளாண்டு ஊருத் தண்ணி இல்ல. இது எட்டாவது கிணறு. சாயல்குடிப் பக்கம் ஜெசிந்தாவோட சொந்த வீட்டுக் கிணறு. பிளாண்டுக்கும் அதுக்கும் அறுபது கிலோமீட்டரு. ஒத்துப் பாக்க ஒரு நல்ல தண்ணி வேணும்னு போன வாரம் ஊருக்குப் போனப்ப மொண்டு வந்திருக்கா. அந்தப் பக்கம் பூராம் உப்புத் தண்ணி, இவங்க கிணறு ஒண்ணுதான் தித்திக்குமாம், ஊரே வந்து எடுக்குமாம். அதுல வரலைன்னா என் உருண்டை மேல தப்பில்ல. அவ அதையும் என் டிராயருல இருந்த குப்பியிலதான் ஊத்தினா. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், காலையில, பாச்சா உருண்டைன்னு அவ சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி.

பத்து. பத்தரை. ஜெசிந்தா வந்து என் முதுகுக்குப் பின்னால நின்னா, அவ மூச்சு என் காதுல படுது. நான் கோட்டைப் பாக்கல, என் கையைப் பாத்தேன். அசிட்டோன் பட்டுப் பட்டு வெளுத்துப்போன விரலு. அவ மூச்சு நின்னதுல இருந்துதான் தெரிஞ்சுச்சு. நிமிந்து பாத்தா, கோடு குச்சி மாதிரி நட்டமா எந்திரிச்சு நிக்குது, மத்த ஏழு மாதிரியே, அதே உசரம். அவ போனைக் கையில எடுத்தா. அழுதிருந்தாக்கூடத் தேவலை. ரூமுக்குள்ள போன் ஆகாதுன்னு விதி, அதனால பக்கத்துக் கழுவுற ரூமுக்குப் போனா. நடுவுல ஒரு கதவுதான், அதுவும் சாத்தாது. "அம்மா, அக்காவுக்கு நம்ம கிணத்துத் தண்ணி கொடுக்காத." அவ அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா, ஏழு மாசம். வளைகாப்புப் போட்டோவை எனக்குக் காட்டினா, ரெண்டு கை நெறைய வளையலு, மூஞ்சியில அப்படி ஒரு வெக்கம். "காய்ச்சினாலும் வேணாம்மா. யாரும் எடுக்க வேணாம். ஊர்ல கேட்டா கேட்டுட்டுப் போறாங்க, கிணத்தை மூடு." அம்மா என்னமோ சண்டை போடுது போல, உன் தாத்தன் வெட்டின கிணறுன்னு சொல்லுமா இருக்கும், நானா இருந்தா அதைத்தான் சொல்வேன். "யாரு சொன்னான்னா? நான்தான் சொல்றேன். இப்பத்தான் என் கண்ணால பாத்தேம்மா."

கண்ணால பாத்தேன்னு அவ சொன்னது என் நெஞ்சுல வந்து குத்தி அங்கயே நின்னுச்சு. அவ பாத்தது என் பச்சை ரவிக்கைத் துணி. அதைத் தாத்தன் வெட்டின கிணறுன்னு நெனச்சு மூடச் சொல்றா. பதிமூணு நிமிஷம். தேவசகாயம் சாரு டீக் கப்போட வந்தாரு, கையை ரூமுக்கு வெளிய நீட்டியே வச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பாத்தாரு. இதுலயும் வந்துருச்சான்னாரு. நெத்தி சுருங்குச்சு. அறுபது கிலோமீட்டருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. பிளாங்க் சுத்தமா இருக்கே, அப்புறம் எப்படின்னாரு. யாரையும் கேக்கல, மிஷினைத்தான் கேட்டாரு. அது பதில் சொல்லாது. அதுக்குத் தெரிஞ்சதை அது சொல்லியாச்சு. மிச்சம் எனக்குத்தான் தெரியும். மாடியில என் காகிதம் இருக்கு. இருக்கட்டும். பாண்டியம்மா தூக்குவாளி என் பையில இருக்கு, நானும் யாருக்காவது கொடுத்துட்டுப் போறேன். முக்காலியை விட்டு எந்திரிச்சேன். "சார், பிளாங்க் ஓட்டுற குப்பி நீங்க பீரோவுல எடுக்குற புதுசு. கிணத்துத் தண்ணி ஊத்துற குப்பி நான் கழுவி டிராயருல வைக்கிறது"ன்னேன். அவரு என்னைப் பாத்தாரு. சிரிக்கல. கப்பைச் சன்னல் கட்டையில வச்சாரு, பாதி டீ சிந்துச்சு, அதைக்கூட அவரு பாக்கல. நான் கழுவுற ரூமுப் பக்கம் திரும்பினேன். இந்தத் தடவை பேச்சு முழுசா வெளிய வந்துச்சு.

"ஏத்தா ஜெசிந்தா, போனை வைக்காத, கிணத்தை மூட வேணாம்னு சொல்லு, ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லு. சிங்க்குக்குக் கீழ டிராயரு இருக்குல்ல, அதுல கழுவி வச்ச வெறுங்குப்பி ஒண்ணை எடு. தண்ணி ஊத்தாத, ஒண்ணும் ஊத்தாத, அதுலயே சாரு பிளாங்க் ஓட்டிப் பாக்கட்டும். எடுத்துட்டு டிராயரை முழுசா உருவு தாயி, பின்னாடி ஆணியில பச்சைத் துணி முடிச்சு ஒண்ணு தொங்கும். நான் கட்டினதுதான். அதையும் அவுத்து, ரெண்டையும் சாருகிட்ட உள்ள கொண்டு வா."